மலிவான வீடு வேற, கட்டுப்படியாகிற வீடு வேற

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதமே தலைவி அக்கா சொல்லிட்டாங்க. "கடனைப் பத்தி மேனேஜர் சார் பேசுவார், தொழிலைப் பத்தி மேடம் பேசுவாங்க. நீ வீடு வாங்குறதைப் பத்திப் பேசு"ன்னாங்க. காரணம் இருக்கு. இந்த ஒரு வருஷமா எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனாலும், சந்தா வசூல் முடிஞ்சு தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டதும் இந்தப் பேச்சுதான் வருது. "அக்கா, ஆவடிப் பக்கம் ஒரு இடம் சொல்றாங்க, வாங்கலாமா?" "பூந்தமல்லி தாண்டி வீடு மலிவா இருக்காமே, நிஜமா?" இந்தக் கேள்விக்குத்தான் எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பதில் சொல்ல வந்திருக்கேன்.

இங்கே உட்கார்ந்திருக்கிறவங்களில் எத்தனை பேருக்கு அம்பத்தூர் சொந்த ஊர்? கை தூக்குங்க பார்ப்போம். பாருங்க, பத்துக் கை கூட இல்லை. நான் திருவண்ணாமலை மாவட்டம், போளூர் பக்கம். எங்க குழுவிலேயே விழுப்புரம் இருக்கு, திருநெல்வேலி இருக்கு, சித்தூர் இருக்கு. எல்லாரும் வேலையைத் தேடி வந்தவங்க. 1961-ல் ஆவடியில் டேங்க் ஃபேக்டரி வந்தது. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை லேத்து, பிரஸ், எக்ஸ்போர்ட் தையல், பேக்கிங் என்று ஏதாவது ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு வெளியூர் ஜனம் இங்கே வந்துகொண்டே இருக்கு. நாங்க 2007-ல் வந்தோம். வீட்டுக்காரர் சி.என்.சி. மெஷின் ஓட்டுறார். நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிறேன். பதினாலு வருஷத்தில் ஐந்து வாடகை வீடு மாறினோம். 2021-ல்தான் திருமுல்லைவாயல் பக்கம் சின்னதா ஒரு பழைய ஃபிளாட் வாங்கினோம்.

வாங்குவதற்கு முன்னால் இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையா வீடு பார்த்தோம். அந்த இரண்டு வருஷத்தில் நான் தெரிஞ்சுக்கிட்ட விஷயம் ஒன்றுதான். மலிவான வீடு வேற, நமக்குக் கட்டுப்படியாகிற வீடு வேற. மலிவு என்பது விற்கிறவர் சொல்ற விலையைப் பொறுத்தது. கட்டுப்படியாகுமா ஆகாதா என்பது அந்த வீட்டில் குடிபோன பிறகு மாசா மாசம் நம்ம கையில் என்ன நிற்குது என்பதைப் பொறுத்தது.

எங்க வீட்டுக் கணக்கை அப்படியே மேடையில் சொன்னா வீட்டுக்காரர் கோவிச்சுக்குவார். அதனால முழு எண்ணா ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். நோட்டு வெச்சிருக்கிறவங்க எழுதிக்குங்க.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீடு, 22 லட்சம். ரொம்ப உள்ளே தள்ளி இன்னொரு வீடு, 16 லட்சம். கையில் 5 லட்சம் இருக்கு. முதல் வீட்டுக்கு 17 லட்சம் கடன், இரண்டாவது வீட்டுக்கு 11 லட்சம் கடன். 9 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் முதல் வீட்டுக்கு மாசத் தவணை சுமார் 15,300 ரூபாய். இரண்டாவது வீட்டுக்குச் சுமார் 9,900 ரூபாய். மாசம் 5,400 ரூபாய் மிச்சம். பார்த்தவுடனே எல்லாரும் இரண்டாவது வீட்டைத்தான் சொல்லுவோம்.

இப்போ சம்பளத்தை எழுதுங்க. புருஷனுக்கு 24,000. மனைவிக்கு 12,000. இரண்டும் சேர்ந்து 36,000. முதல் வீட்டில் தவணை போக 20,700 கையில் நிற்கும். இரண்டாவது வீட்டில் 26,100 நிற்கணும். ஆனா அந்த வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு ஷேர் ஆட்டோவில்தான் போகணும். ஒரு நாளைக்கு 60 ரூபாய் என்றால் 25 நாளைக்கு 1,500. குழாய்த் தண்ணி இல்லை, குடிக்கிறதுக்குக் கேன், மற்றதுக்கு லாரி. இதெல்லாம் போனாலும் பரவாயில்லை, சமாளிச்சுடலாம். சமாளிக்க முடியாத ஒன்று இருக்கு. கம்பெனி சைரன் காலையில் எட்டரை மணிக்கு. அந்த வீட்டிலிருந்து ஆறே முக்காலுக்குக் கிளம்பணும். பிள்ளைக்கு யார் சாப்பாடு கட்டுவது? சாயந்திரம் வீடு திரும்ப எட்டு மணி. பிள்ளை நாலு மணிக்கே ஸ்கூல் விட்டு வந்து கதவைத் திறக்க ஆளில்லாமல் நிற்கும். ஆறு மாசம் ஓடும். ஏழாவது மாசம் வீட்டில் ஒரு பேச்சு வரும்: "நீ வேலையை விட்டுடேன்."

அந்தப் பேச்சை யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்றதில்லை. ஆனா தூரமா வீடு வாங்கினா முதலில் போவது பெண்ணோட வேலைதான். புருஷனோட வேலை போறதை நான் பார்த்ததே இல்லை. இப்போ கணக்கைத் திரும்பப் போடுங்க. 24,000-ல் 9,900 தவணை போனால் மீதி 14,100. ஸ்டேஷன் பக்கத்து வீட்டில் நிற்கிறது 20,700. ஆறு லட்சம் மலிவான வீட்டில் மாசம் 6,600 ரூபாய் குறைவா வாழ்கிறோம். அதோட பி.எஃப். போச்சு, இ.எஸ்.ஐ. போச்சு, குழுவில் சந்தா கட்ட அவரிடம் கை நீட்டணும்.

இது நான் கற்பனையா சொல்றது இல்லை. சென்னையில் ஆற்றங்கரைகளிலும் நகருக்குள்ளும் குடிசையில் இருந்த குடும்பங்களை 2000-ம் வருஷத்துக்குப் பிறகு கண்ணகி நகருக்கும், அப்புறம் செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்துக்கும் மாற்றினாங்க. வீடு கிடைச்சது. ஆனா நகருக்குள் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த பல பெண்களுக்கு அந்த வேலை போச்சு. பஸ் செலவும் நேரமும் கட்டுப்படியாகலை. அவங்களைக் கேட்டு யாரும் இடம் மாற்றலை. நம்ம விஷயம் அப்படி இல்லை. நாம நம்ம காசைப் போட்டு, நாமே இடத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். அந்தத் தப்பை நாமே நமக்குப் பண்ணிக்க வேண்டாம்.

சரி, எந்தப் பக்கம் பார்க்கலாம்? இதற்கு ஒரே பதில் கிடையாது. வீட்டில் சம்பாதிக்கிற இரண்டு பேரும் எங்கே வேலைக்குப் போறாங்க என்பதை முதலில் எழுதணும். புருஷன் மட்டும் இல்லை, இரண்டு பேரும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை என்றால், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அண்ணனூர், ஆவடி என்று வரிசையா ரயில்வே ஸ்டேஷன் இருக்கு. சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போற லைன். கிழக்கே வர வர விலை ஏறும், மேற்கே போகப் போகக் குறையும். ஆவடியைத் தாண்டினாலும் இந்து காலேஜ், பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர் என்று லைன் தொடருது. என் அனுபவத்தில், ரயில் லைனை ஒட்டி நாலு ஸ்டேஷன் தள்ளிப் போறது, லைனை விட்டு நாலு கிலோமீட்டர் உள்ளே போறதை விட நல்லது. ரயிலில் நமக்குப் பெண்கள் பெட்டி இருக்கு, சீசன் டிக்கெட் இருக்கு, டிராஃபிக் கிடையாது.

பட்டாபிராம் பக்கம் 2024-ல் டைடல் பார்க் திறந்திருக்காங்க. அங்கே ஹவுஸ்கீப்பிங், கேன்டீன், செக்யூரிட்டி என்று வேலை பார்க்கிற குடும்பமோ, டேங்க் ஃபேக்டரியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிற குடும்பமோ என்றால் ஆவடி, பட்டாபிராம் பக்கம் பார்க்கலாம்.

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் வேலை என்றால் பூந்தமல்லிப் பக்கம்தான் வசதி. கம்பெனி பஸ் எல்லாம் பெங்களூர் ரோட்டில் போகும். ஆனா பூந்தமல்லிக்கு ரயில் கிடையாது. பஸ்தான் கதி. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரைக்கும் 26 கிலோமீட்டருக்கு மெட்ரோ வேலை நடந்துக்கிட்டிருக்கு. அது வந்தால் நல்லதுதான். அதைச் சொல்லி இப்போதே விலையில் இரண்டு லட்சம் ஏற்றிச் சொல்லுவாங்க. நீங்க கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "அந்த ஸ்டேஷனுக்கு இந்த வீட்டு வாசலிலிருந்து நடந்து போக முடியுமா?" முடியாது என்றால், அந்த மெட்ரோவுக்காக நீங்க காசு கொடுக்க வேண்டியதில்லை.

வெளிவட்டச் சாலையும் அப்படித்தான். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரைக்கும் 62 கிலோமீட்டர், அகலமான ரோடு. "ரிங் ரோட்டிலிருந்து இரண்டே நிமிஷம்" என்று நோட்டீஸ் போடுறாங்க. கார் வெச்சிருக்கிறவங்களுக்கு அது வசதி. பஸ்ஸுக்கு நிற்கிற நமக்கு அந்த ரோட்டில் என்ன பஸ் எத்தனை மணிக்கு வருது என்பதுதான் முக்கியம். 2021 மே மாதத்திலிருந்து நமக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. ஆனா சாதாரணக் கட்டண பஸ்ஸில்தான் அந்தச் சலுகை. வீடு பார்க்கப் போற ஸ்டாப்பில் அரை மணி நேரம் நின்று எத்தனை பிங்க் பஸ் வருது என்று எண்ணிப் பாருங்க. ஒன்றும் வரவில்லை என்றால் அந்த இலவசம் உங்களுக்கு இல்லை என்று அர்த்தம்.

வீடு பார்க்க எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் போவோம். புரோக்கரும் அன்றைக்குத்தான் கூப்பிடுவார். ரோடு காலியா இருக்கும், பத்து நிமிஷத்தில் கூட்டிக்கிட்டுப் போயிடுவார். அது போதாது. வேலை நாளில் காலை ஏழரை மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பி உங்க கம்பெனி கேட் வரைக்கும் போய்ப் பாருங்க. அதே மாதிரி ராத்திரி எட்டரை மணிக்கு ஸ்டாப்பில் இறங்கி வீடு வரைக்கும் நடந்து பாருங்க, துணைக்குத் தங்கச்சியோ பக்கத்து வீட்டு அக்காவோ வரட்டும். தெருவிளக்கு எரியுதா? வழியில் டாஸ்மாக் இருக்கா? காலி மனையா இருக்கா? வயசுப் பொண்ணு டியூஷன் முடிச்சுத் தனியா வரக்கூடிய வழியா? இதெல்லாம் எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்காது.

அடுத்தது தண்ணி. நம்ம பகுதி ஏரிகள் நிறைந்த பகுதி. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, அந்தப் பக்கம் செம்பரம்பாக்கம். நடுவில் திருவேற்காடு வழியா கூவம் ஓடுது. ஒரு ஏரி நிறைஞ்சு அடுத்த ஏரிக்குப் போற கால்வாய் இருந்த இடத்தில் இன்றைக்குத் தெரு இருக்கு, வீடு இருக்கு. தண்ணிக்கு அந்த விஷயம் தெரியாது, பழைய வழியிலேயே வரும். 2015 டிசம்பரை யாரும் மறக்கலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் நம்ம தொழிற்பேட்டைக்குள்ளேயே வெள்ளம் வந்து மெஷின் எல்லாம் நனைஞ்சதை நம்மில் பல பேர் கண்ணால் பார்த்தோம்.

அதனால விற்கிறவரிடம் "இங்கே தண்ணி வருமா?" என்று கேட்காதீங்க. வராது என்றுதான் சொல்லுவார். தெருமுனையில் இஸ்திரி போடுற அண்ணனிடம் கேளுங்க. டீக்கடையில் கேளுங்க. ரேஷன் கடை வரிசையில் நிற்கிற அக்காவிடம் கேளுங்க. "2015-ல் எது வரைக்கும் வந்துச்சு? 2023-ல் எது வரைக்கும்?" என்று வருஷத்தைச் சொல்லிக் கேட்டால், முழங்காலைக் காட்டுவாங்க, இடுப்பைக் காட்டுவாங்க. அதுதான் உண்மை. சுவரில் கறை இருக்கா பாருங்க. பழைய வீட்டுக்காரங்க எல்லாரும் வாசல்படியை உயர்த்திக் கட்டியிருந்தால் அதற்கும் காரணம் இருக்கும். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு தடவை, சித்திரை, வைகாசியில் ஒரு தடவை அந்த இடத்தைப் பாருங்க. 2019 ஜூனில் சென்னைக்குத் தண்ணி கொடுக்கிற ஏரிகள் வறண்டு போய், குடத்தோடு லாரிக்கு நின்றோம். மழையில் மூழ்கிற வீடு எவ்வளவு கஷ்டமோ, கோடையில் போர் வற்றிப் போற வீடும் அவ்வளவு கஷ்டம். தெருவில் குடிநீர் இணைப்பு இருக்கா, பாதாளச் சாக்கடை இருக்கா, இல்லை செப்டிக் டேங்க்தானா, வருஷத்துக்கு எத்தனை தடவை லாரி வைக்கணும் என்பதையும் கணக்கில் சேருங்க.

அந்த இடம் எந்த நிர்வாகத்தில் வருது என்றும் கேட்டுக்குங்க. அம்பத்தூர் 2011-லிருந்து சென்னை மாநகராட்சி. ஆவடி 2019-லிருந்து தனி மாநகராட்சி. பூந்தமல்லி, திருவேற்காடு நகராட்சி. அதைத் தாண்டினால் பல இடம் ஊராட்சி. ஊராட்சி என்றால் மோசம் என்று நான் சொல்லலை. வீட்டு வரி குறைவு. ஆனா குப்பை எடுப்பது, தெருவிளக்கு, சாக்கடை எல்லாத்துக்கும் போய் நிற்கிற இடம் மாறும். வாங்குவதற்கு முன்னாடியே அதைத் தெரிஞ்சுக்கணும்.

இப்போ பத்திரம். இதில்தான் நம்ம ஜனம் அதிகமா ஏமாறுது. பக்கத்துக் குழு அக்கா ஒருத்தங்க, பேர் வேண்டாம், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த 3 லட்சத்தை ஒரு மனைக்கு முன்பணமா கொடுத்தாங்க. ஸ்டாம்ப் பேப்பரில் அக்ரிமென்ட் மட்டும் போட்டுக் கொடுத்தாங்க. பதிவு பண்ணப் போனால் அது நீர்ப்பிடிப்புப் புறம்போக்கு, பதிவே ஆகாது என்று சொல்லிட்டாங்க. பணம் வாங்கின ஆள் போனை எடுக்கலை. அந்த அக்காவுக்குப் படிப்பு இல்லாமல் இல்லை. யாரையும் கூடக் கூட்டிக்கிட்டுப் போகலை, அவ்வளவுதான்.

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டது ஞாபகம் இருக்கும். அப்புறம் 2017-ல் வரன்முறைப்படுத்துற விதி வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி பதிவான மனைகளுக்குத்தான் அந்த வழி. அதனால "பிறகு அப்ரூவல் வாங்கிக்கலாம்" என்று யாராவது சொன்னால், அந்த மனை எந்தத் தேதியில் முதலில் பதிவானது என்று கேளுங்க. வரன்முறை ஆணையைக் கையில் காட்டச் சொல்லுங்க.

பார்க்க வேண்டிய காகிதங்களை வரிசையா சொல்றேன். மூலப்பத்திரம், அதிலிருந்து இன்றைய சொந்தக்காரர் வரைக்கும் சங்கிலி மாதிரி வர்ற எல்லாப் பத்திரமும். முப்பது வருஷத்துக்காவது வில்லங்கச் சான்று. பட்டா, அதில் விற்கிறவர் பேர்தான் இருக்கா? சர்வே எண் பத்திரத்தில் இருக்கிறதும் பட்டாவில் இருக்கிறதும் ஒன்றா? சொந்தக்காரர் இறந்திருந்தால் வாரிசுச் சான்று, எல்லா வாரிசும் கையெழுத்துப் போடுறாங்களா, முக்கியமா பெண் வாரிசுகள்? பவர் வாங்கினவர் விற்கிறார் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்காரா? கோயில் நிலமா, ஏரிப் புறம்போக்கா? வில்லங்கமும் பட்டாவும் இப்போ ஆன்லைனிலேயே பார்க்கலாம். நம்ம பிள்ளைகளே போனில் எடுத்துக் கொடுத்துடும்.

ஃபிளாட் என்றால் இன்னும் இரண்டு. ஒன்று, பிரிபடாத பாகம், அதாவது நிலத்தில் நம்ம பங்கு எத்தனை சதுர அடி. கட்டடம் பழசாகும், நிலத்தின் பங்குதான் நிற்கும். இரண்டு, உள்ளே நாம புழங்குற இடம் எத்தனை சதுர அடி. படிக்கட்டு, சுவர் எல்லாம் சேர்த்து 700 என்பாங்க, உள்ளே அளந்தால் 500 கூட இருக்காது. புதுசா கட்டுற இடம், 500 சதுர மீட்டருக்கு மேல் நிலம் என்றாலோ எட்டு வீட்டுக்கு மேல் என்றாலோ ரெரா பதிவு எண் இருக்கணும். அக்ரிமென்டைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்லுது.

மேனேஜர் சார் இங்கேயே இருக்கார், அவர் முன்னாலேயே சொல்றேன். வங்கி கடன் கொடுக்க மறுத்தால் கோபப்படாதீங்க. ஏன் என்று கேளுங்க. அவங்க வக்கீல் பத்திரத்தில் ஏதோ ஓட்டை பார்த்திருப்பார். "வங்கி வேண்டாம், நான் வட்டிக்கு வாங்கித் தர்றேன்" என்று புரோக்கர் சொன்னால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துடுங்க. அப்புறம் கைக்காசுக் கணக்கு. பழைய வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 22 லட்சத்துக்கு 1,98,000 ரூபாய். அதை வங்கி கடனில் சேர்க்காது. வக்கீல் கட்டணம், மதிப்பீடு, வீடு மாற்றுற செலவு எல்லாம் சேர்த்தால் 5 லட்சம் கையில் இருக்கிற குடும்பத்துக்கு ஏழேகால் லட்சம் தேவைப்படும். அந்த இரண்டேகால் லட்சத்துக்குத்தான் பலர் நகையை வைக்கிறாங்க, இல்லை என்றால் குழுக் கடனைத் தொழிலுக்கு என்று வாங்கி இதில் போடுறாங்க. தயவுசெய்து அதைப் பண்ணாதீங்க. தொழிலுக்கு வாங்கின கடன் தொழிலில் இருந்தால்தான் தவணை வரும். ஒருத்தர் தவணை நின்றால் பதினைந்து பேருக்கு அடுத்த கடன் நிற்கும்.

இனி முக்கியமான விஷயம், யார் பேரில் பத்திரம். எங்க வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தது. என் மச்சான், வீட்டுக்காரரோட அண்ணன், ஊரிலிருந்து வந்து சொன்னார்: "ஆம்பளை பேரில் இருக்கட்டும், அதுதான் முறை." நான் எதிர்த்துப் பேசலை. வங்கிக்கு அவரையும் கூட்டிக்கிட்டுப் போனேன். அப்போ பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் வட்டி மானியம் இருந்தது, எங்களை மாதிரி வருமானக்காரங்களுக்கு வீட்டுப் பெண் பேரும் பத்திரத்தில் இருக்கணும் என்று விதி. அதிகாரி அதைச் சொன்னதும் மச்சானே, "அப்போ தங்கச்சி பேரையும் போடுங்க சார்" என்றார். முறை மாறுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகலை.

அந்தத் திட்டத்தின் புதுக் கட்டம் 2024-ல் ஆரம்பிச்சிருக்கு. உங்க குடும்பத்துக்குப் பொருந்துமா என்று வங்கியில் கேளுங்க. தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 1-லிருந்து, பெண்கள் பேரில் 10 லட்சம் ரூபாய் வரைக்கும் உள்ள சொத்தைப் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைக்குது. நம்ம பக்கம் வீடு 10 லட்சத்துக்குள் கிடைப்பது கஷ்டம். சலுகை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உங்க பேரைப் போடுங்க. உங்க சம்பளத்திலும் தவணை போகுது. உங்க பேர் இருந்தால், உங்க கையெழுத்து இல்லாமல் அந்த வீட்டை முழுசா விற்கவும் முடியாது, அடமானம் வைக்கவும் முடியாது. குடியால, கடனால வீடு போன குடும்பங்களை நம்ம தெருவிலேயே பார்த்திருக்கோம். அதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

நாங்க வாங்கின வீட்டில் எல்லாம் வசதி என்று சொல்லமாட்டேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மாமியாருக்கு முழங்கால் வலி, கீழே இறங்கினால் மேலே ஏறக் கால் மணி நேரம். ஊரில் மாதிரி வாசலில் கோலம் போட இடம் இல்லை, முருங்கை வைக்க மண் இல்லை. வீட்டுக்காரருக்கு இன்றைக்கும் சொந்தமா ஒரு மனை வாங்கணும் என்ற ஆசை இருக்கு. ஆனா நான் எட்டு மணிக்குக் கிளம்பி எட்டரைக்கு மெஷினில் உட்காருகிறேன். பையன் அதே பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். குழுக் கூட்டத்துக்கு ஒரு வாரமும் தவறலை. எங்களுக்கு எது கட்டுப்படியாகுமோ அதை வாங்கினோம்.

குழுவைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று சொல்லணும். தூரமா வீடு வாங்கிப் போற அக்கா குழுவை விட்டுத்தான் போகணும். பத்து வருஷமா கட்டின சந்தா, கடன் வாங்கித் திருப்பின நல்ல பேர், அவசரத்துக்கு ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் தட்டக்கூடிய பத்து வீடு, இதெல்லாம் புது இடத்தில் முதலிலிருந்து தொடங்கணும். வீட்டு விலையில் அதையும் ஒரு வரியா எழுதுங்க.

கடைசியா, கூட்டமைப்புக்கு மூன்று வேண்டுகோள். வாராக் கூட்டம், சேமிப்பு, உள்கடன், தவணை, பதிவேடு என்று ஐந்து விஷயத்தை நாம விடாமல் செய்யறோம். வீட்டுக்கும் அந்தப் பழக்கம் வேணும். ஒன்று, எந்த உறுப்பினரும் முன்பணம் கொடுப்பதற்கு முன்னாடி காகிதங்களின் நகலைக் குழுக் கூட்டத்தில் வைக்கணும். இரண்டு, இடம் பார்க்கப் போகும்போது குழுவிலிருந்து இரண்டு பேர் கூடப் போகணும், காலையில் ஒரு தடவை, இருட்டின பிறகு ஒரு தடவை. மூன்று, பத்திரத்தில் சந்தேகம் என்றால் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற சட்டப்பணிகள் குழுவுக்குக் கூட்டிக்கிட்டுப் போகணும். 1987-ம் வருஷச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம். இந்த மூன்றையும் இன்றைக்கே தீர்மானமா போட வேண்டும் என்று தலைவி அக்காவைக் கேட்டுக்கறேன்.

போன வாரம் எங்க குழுவில் ஒரு தங்கச்சி திருநின்றவூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குக் காகிதம் கொண்டுவந்து வெச்சிருக்கா. வர்ற செவ்வாய்க்கிழமை காலையில் நாங்க மூன்று பேர் அவளோட போறோம். அந்தப் பக்கம் தெரிஞ்சவங்க இந்தக் கூட்டத்தில் இருந்தால், சாப்பாட்டு இடைவேளையில் என்னை வந்து பாருங்க. 2023-ல் அங்கே தண்ணி எது வரைக்கும் வந்தது என்று தெரிஞ்சுக்கணும்.